துணிச்சல் யாருடைய செலவில்?

வாலிபர் முகாம்களில் கடைசி நாள் ராத்திரி ஒரு காட்சி தவறாமல் நடக்கும். ஹாலில் பாதி ட்யூப் லைட்டை அணைத்துவிடுவார்கள். கீபோர்டில் மெல்லிசாக ஒரு ராகம் ஓடிக்கொண்டிருக்கும். பிரசங்கியார் குரலைத் தாழ்த்தி ஆரம்பிப்பார். "உன் கல்லூரியில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நீ கிறிஸ்தவன் என்று தெரியுமா தம்பி? பைபிளை ரெக்கார்டு நோட்டுக்குள் ஒளித்துக் கொண்டு போகிற தங்கச்சி இங்கே இருக்கிறாயா? பேதுரு மூன்று தரம் மறுதலித்தான். நீ எத்தனை தரம்?" அவ்வளவுதான். பின்வரிசையில் ஒரு விசும்பல் கேட்கும், அப்புறம் பத்துப் பேர், அப்புறம் ஹால் முழுக்க. எல்லோரும் முன்னால் வந்து முழங்கால் போடுவார்கள். மறுநாள் காலை பொங்கல், சாம்பார், க்ரூப் போட்டோ, பஸ். ஒரு வாரத்துக்கு பைக்கில் வசன ஸ்டிக்கர் புதுசாக மின்னும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வசனம் வரும். அப்புறம் இன்டர்னல் டெஸ்ட் வந்துவிடும்.

அந்தக் கண்ணீரைக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை. பத்தொன்பது வயதில் அழுகிற அழுகையில் பொய் குறைவு. கோளாறு அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஹாலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே திட்டு. எல்லோருடைய பயமும் ஒரே பயம் என்று பிரசங்கியார் தீர்மானித்துவிட்டார்.

ஒரு பையனைப் பாருங்கள். மூன்று தலைமுறைக் கிறிஸ்தவன். தாத்தா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். பெயரைச் சொன்னாலே பைபிளில் எந்தப் புத்தகம் என்று சொல்லிவிடலாம், ஒளிக்கவே முடியாத பெயர். அவனுக்கும் பயம் உண்டு. கேன்டீனில் சாப்பிடுமுன் கண்ணை மூடினால் எவனாவது "அல்லேலூயா" என்று கத்துவான். ஃபேஸ்புக்கில் வாயைத் திறந்தால் "பாவாடை", "பால்பவுடர் கிறிஸ்தவன்" என்று வரிசையாக வந்து விழும். வலிக்கும்தான். ஆனால் அந்த வலிக்கு பில் போட்டுப் பார்த்தால் என்ன வரும்? கொஞ்சம் மானம், ஒரு மத்தியானத்துத் தூக்கம். சீட் போகாது, ஸ்காலர்ஷிப் போகாது.

அதே ஹாலில் நாலு வரிசை தள்ளி இன்னொருவன் இருக்கிறான். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், சர்டிஃபிகேட்டில் ஒரு பெயர். வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபம் நடக்கிறது. அட்மிஷன் ஃபாரத்தில் "இந்து – ஆதி திராவிடர்" என்று இருக்கிறது. அவன் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் சொல்லாமல் இருப்பது வெட்கத்தினால் அல்ல. சொன்னால் அது கிளாஸைத் தாண்டி, ஆபீஸைத் தாண்டி, தாசில்தார் வரைக்கும் போகலாம். அப்பாவின் வேலை, தங்கையின் சீட், இரண்டையும் ஒரே வாயால் ஊதி அணைத்த மாதிரி ஆகிவிடும். அவனையும் பார்த்துத்தான் பிரசங்கியார் கேட்கிறார்: "நீ எத்தனை தரம்?"

இது மிகப் பெரிய அநியாயம்.

இந்த விஷயம் கிறிஸ்தவர்கள் பலருக்கே சரியாகத் தெரியாது என்பதால் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10-ம் தேதி குடியரசுத் தலைவர் உத்தரவு ஒன்று வந்தது. எந்தெந்தச் சாதிகள் அட்டவணைச் சாதிகள் என்ற பட்டியல் அது. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியேதான். அதனால்தான் ஆகஸ்ட் 10-ஐ தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாள் என்று அனுசரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆதி திராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாற்றப்படுவார். 26.5 சதவீதத்தில், தலைமுறை தலைமுறையாக நிலமும் கடையும் பள்ளிக்கூடமும் வைத்திருக்கிற சாதிகளோடு சேர்ந்து போட்டி போட வேண்டும். மாநில அரசின் சில கல்வி உதவிகள் மதம் மாறியவர்களுக்கும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அட்டவணைச் சாதி ஒதுக்கீட்டு சீட் கிடையாது, தனித்தொகுதியில் நிற்க முடியாது, 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது. ஊரில் அடிக்கிறவன் மட்டும் மதம் கேட்டுவிட்டு அடிப்பதில்லை!

இதில் ஒரு வேடிக்கை. திரும்ப இந்துவாகி, சாதிக்காரர்கள் ஏற்றுக்கொண்டால் பழைய சாதி நிலை திரும்பக் கிடைக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆக, ஞானஸ்நானத் தண்ணீர் பட்டவுடன் ஆவியாகிவிடுகிற சாதி, திரும்பி வந்தால் மறுபடி முளைத்துவிடும். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்காரர்கள்தான் விளக்க வேண்டும்.

2024 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், அரசு வேலைக்காக அட்டவணைச் சாதிச் சான்றிதழ் கேட்டார். குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர், கோயிலுக்குப் போகிறவர் என்று விசாரணையில் தெரிந்தது. நம்பிக்கை ஒன்று, சலுகைக்குச் சொல்வது ஒன்று என்றால் அது அரசியல் சாசனத்தின் மேல் செய்கிற மோசடி என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தீர்ப்பு வந்த அன்று கிறிஸ்தவ வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு விதமான பேச்சு ஓடியது. ஒரு தரப்பு மௌனம். இன்னொரு தரப்பு, "உலகத்துக்காகக் கர்த்தரை மறைத்தால் இப்படித்தான் ஆகும்." இரண்டாவது வகையில் பேசியவர்கள் பெரும்பாலும் எந்தச் சான்றிதழையும் இழக்க வேண்டிய நிலைமையில் இல்லாதவர்கள். அடுத்தவன் பாக்கெட்டில் கைவிட்டுக் காணிக்கை போடுவது எவ்வளவு சுலபம்!

இந்தச் சான்றிதழ்ச் சங்கடம் சபைக்குப் புதிதல்ல என்பதுதான் வேடிக்கையிலும் வேடிக்கை. கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் டேசியஸ் ஓர் உத்தரவு போட்டான். பேரரசின் மக்கள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்த வேண்டும், அதிகாரிகள் முன்னால் பலியை ருசி பார்க்க வேண்டும், அதற்கு ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். லிபெல்லஸ் என்று பெயர். எகிப்தில் மணலுக்கு அடியில் இந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பாப்பிரஸ் தாளில் எழுதியது. இன்னார், இந்த ஊர், எப்போதும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன் செலுத்தினேன், சான்றளிக்க வேண்டுகிறேன் என்ற வகையில் போகும். கீழே பார்த்த அதிகாரிகளின் கையெழுத்து. அப்படியே நம்மூர் தாலுகா ஆபீஸ் மனு.

கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? சிலர் மறுத்துச் சிறைக்குப் போனார்கள். ரோம் நகர ஆயர் ஃபேபியன் ஜனவரியிலேயே இறந்தார். ஏராளமானோர் போய் பலி செலுத்தினார்கள். இன்னும் சிலர் பலி செலுத்தாமல், பணம் கொடுத்து சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். காகிதத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. பிரசங்கியார்கள் சொல்கிற வரலாற்றில் சிங்கத்தின் வாய்க்குள் பாடிக்கொண்டே போனவர்கள்தான் வருவார்கள். வரிசையில் நின்று சான்றிதழ் வாங்கியவர்கள் வரமாட்டார்கள். ஆனால் சபை என்பது இந்த இரண்டு பேரும் சேர்ந்ததுதான்.

கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியான் அந்த வருஷம் என்ன செய்தார் தெரியுமா? தலைமறைவானார். ஊரை விட்டுப் போய் ஒளிந்துகொண்டார். அதற்காக அவரை ஏசியவர்களும் இருந்தார்கள். ஒளிந்த இடத்திலிருந்து கடிதம் எழுதினார். சிறையில் இருந்தவர்களையும் ஏழைகளையும் விதவைகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தன் சொந்தப் பணத்திலிருந்தும் அனுப்பிவைத்தார். துன்புறுத்தல் தணிந்ததும் 251-ல் கார்த்தேஜில் ஆயர்கள் கூடினார்கள். பலி செலுத்தியவனுக்கும் சான்றிதழ் மட்டும் வாங்கியவனுக்கும் வித்தியாசம் உண்டு, ஒவ்வொருவர் நிலைமையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், மனம் வருந்தியவனுக்குக் கதவைச் சாத்தக் கூடாது என்று முடிவானது. சாத்தத்தான் வேண்டும் என்று சொன்ன நொவேஷியன் தனிச் சபையாகப் பிரிந்து போனார். சிப்ரியான் சான்றிதழ் வாங்கியதைச் சரி என்று சொல்லவில்லை. பாவம் என்றுதான் சொன்னார். ஆனால் எல்லோரையும் ஒரே தராசில் போடவில்லை. எட்டு வருஷம் கழித்து, 258 செப்டம்பரில், அடுத்த துன்புறுத்தலில் அவரைப் பிடித்தார்கள். இந்தத் தடவை ஓடவில்லை. தன் தலையை வெட்டப் போகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொல்லிவிட்டு மண்டியிட்டார்.

250-ல் ஓடியவரும் 258-ல் மண்டியிட்டவரும் ஒரே ஆள். நடுவில் எட்டு வருஷம் இருக்கிறது. கீபோர்டு வாசிக்கிற இருபது நிமிஷத்தில் அது நடக்கவில்லை.

பைபிளிலேயே இப்படி ஆட்கள் உண்டு, பிரசங்கத்தில்தான் கிடையாது. இராஜாக்கள் இரண்டாம் புத்தகம் ஐந்தாம் அதிகாரத்து நாகமானை எல்லோருக்கும் தெரியும். யோர்தானில் ஏழு தரம் முழுகியவன். குஷ்டம் போனதோடு ஞாயிறு பள்ளிக் கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவன் எலிசாவிடம் கேட்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. என் ராஜா ரிம்மோன் கோயிலில் என் கைமேல் சாய்ந்துகொண்டு கும்பிடுவான், அப்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்கிறான். வேலை போகாமல் விசுவாசத்தைக் காப்பாற்ற வழி கேட்கிறான் அந்த ஆபீஸர். எலிசா கத்தியிருக்கலாம். சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிட்டார். வாலிபர் முகாமில் இந்தப் பகுதியைத் தியானித்ததாகச் சரித்திரம் உண்டா?

அரிமத்தியா யோசேப்பு இன்னொருவர். யூதத் தலைவர்களுக்குப் பயந்து ரகசிய சீஷராக இருந்தவர் என்று யோவான் சுவிசேஷமே பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. நிக்கொதேமு ராத்திரியில் வந்து பார்த்துவிட்டுப் போனவர். சிலுவையில் எல்லாம் முடிந்த பிறகு, பிலாத்துவிடம் நேராகப் போய் உடலைக் கேட்டது இந்த யோசேப்பு. நூறு இராத்தல் வாசனைத் திரவியத்தைச் சுமந்துகொண்டு வந்தது இந்த நிக்கொதேமு. உயிரையே கொடுப்பேன் என்று முந்தின ராத்திரி சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்த பேதுருவை அங்கே காணோம். உரக்கச் சொன்னவன் ஓடிப்போனான், ஒளிந்திருந்தவன் வெளியே வந்தான். யார் எப்போது வெளியே வருவார்கள் என்பதை மைக் பிடித்தவர் முடிவு செய்ய முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் எல்லோரும் மறைத்துக்கொண்டு வாழலாம் என்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி வரும். இல்லை. விசுவாசத்தை வெளிப்படையாக வாழ வேண்டும் என்பதில் சந்தேகமே கிடையாது. இரட்டை வாழ்க்கை மனுஷனை உள்ளே அரிக்கும்; அந்த ஆதி திராவிடப் பையனுக்கே அது நன்றாகத் தெரியும், ராத்திரி படுக்கும்போது அவனுக்குத்தான் தெரியும். கேள்வி வேறு. வெளிப்படையாக வாழ்வது என்றால் எதை? அதற்கான விலையை யார் கொடுப்பது?

முதல் கேள்விக்கு, சபையில் வழக்கமாகக் கிடைக்கும் பதில்: கழுத்தில் சிலுவை, கையில் பைபிள், வாயில் "பிரைஸ் த லார்ட்", பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி. இவை கெட்டவை அல்ல. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு சராசரிக் கிறிஸ்தவ வீட்டுக்கு இவற்றில் எதுவும் பெரிய செலவு வைப்பதில்லை. செலவு வைக்கிற இடங்கள் வேறு, அங்கேதான் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்களும் திடீரென்று ரகசியக் கிறிஸ்தவர்களாகிவிடுகிறார்கள்.

கல்யாண விளம்பரத்தைப் பாருங்கள். "கிறிஸ்தவ நாடார், இரட்சிக்கப்பட்ட, ஊழிய பாரமுள்ள மணமகள் தேவை." "ஆர்.சி. வன்னியர்", "ஆர்.சி. உடையார்", "வேளாளர் கிறிஸ்தவர்". பரலோகத்தில் சாதி இல்லை என்று பாடுகிறவர்கள் மாப்பிள்ளை பார்க்கும்போது மட்டும் பூலோகத்துக்கு இறங்கிவிடுவார்கள். ஊழிய பாரம் வேண்டுமாம், அதுவும் சொந்த சாதியில்! இதைக் கேட்டால், "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்களோ" என்பார்கள். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம்! அந்தப் பையனுக்கு தாசில்தார், இவர்களுக்குச் சித்தப்பா. வரதட்சணையும் இதே கதை. பாஸ்டர் வந்து ஜெபித்துத்தான் நகையை எடை போடுகிறார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, கூடம் இரண்டு. ஒரு சாதி உட்காருகிற பக்கத்திலிருந்து இன்னொரு சாதியைப் பார்க்க முடியாதபடி, பேன்ட் கால்கள் மாதிரி இரண்டாகப் பிரிந்த கட்டடம். கோசானல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1910-ல் அந்தத் தடுப்பை எடுத்தார். உடனே சாதி உரிமை போச்சு என்று வழக்குப் போட்டார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். பங்கு மக்களில் பணக்காரத் தரப்பை விரோதித்துக்கொண்டு ஒரு பாதிரியார் தன் கோயிலுக்குள்ளேயே கிறிஸ்தவனாக வாழத் துணிந்தார். "விசுவாசத்தை வெளிப்படையாக வாழ்தல்" என்ற தலைப்பில் யாராவது பிரசங்கம் செய்தால் அவரைப் பற்றிப் பேசலாம். பேசமாட்டார்கள். அவரைப் பற்றிப் பேசினால் கல்லறைத் தோட்டத்தைப் பற்றியும் பேச வேண்டி வரும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்துப்போனவர்களைச் சாதிவாரியாகப் பிரிக்கிற சுவர் எத்தனையோ தடவை பத்திரிகைகளில் வந்திருக்கிறது. 2008 மார்ச்சில் எறையூரில் ஒரே கோயில் கத்தோலிக்கர்களுக்கு இடையே சாதி மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீதிமன்றத்தில், கமிஷன் முன்னால், "மதம் மாறியும் சாதி எங்களை விடவில்லை, ஆகவே சலுகை வேண்டும்" என்று சபை வாதாடுகிறது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் அதை ஏற்று, மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது, நடக்கவில்லை. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் வந்தது, இரண்டு வருஷக் கெடு, பிறகு நீட்டிப்பு. வாதம் முழுக்க நியாயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதே சபை, "இங்கே சாதியெல்லாம் இல்லை" என்று சொல்லிவிட்டு அந்தப் பையனைப் பார்த்து, ஏன் வெளியே சொல்லப் பயப்படுகிறாய் என்று கேட்கிறது. வெளியே சொன்னால் அவனுக்கு அரசாங்கம் கொடுத்தது போகும். உள்ளே வந்தால் சபை கொடுப்பது பின்வரிசை. இரண்டு பக்கமும் பற்று எழுதி, வரவுப் பக்கம் காலியாக விட்ட பேரேடு இது. பி.காம். முதல் வருஷப் பையன்கூட இதை டேலி ஆகவில்லை என்று சொல்லிவிடுவான்.

கண்டமாலை இங்கே மறக்கக் கூடாது. 2008-ல் ஒடிசாவின் அந்த மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வீட்டை விட்டு ஓடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாணா தலித்துகளும் பழங்குடிகளும். அங்கே விசுவாசத்தை வெளியே சொல்வது உயிர்ப் பிரச்சினை. கேன்டீனில் யாரோ அல்லேலூயா என்று கத்தியதை "உபத்திரவம்" என்று சாட்சி சொல்கிறவர்கள், அந்த வார்த்தையைக் கண்டமால்காரர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

மூன்று தலைமுறைக்காரனை மட்டமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். அவனுக்கும் நிஜமான இடம் ஒன்று வரும். டிகிரி முடித்து ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஸ் சேருவான். மார்ச் மாசக் கடைசியில் சீனியர் ஒரு கட்டு வெற்று வவுச்சர்களைக் கொடுத்து, "தம்பி, கூலி, வண்டிச் சத்தம்னு பிரிச்சு எழுதிடு, பேனாவை மாத்தி மாத்தி எழுது" என்பார். எல்லா ஆபீஸிலும் அல்ல, ஆனால் இது எப்படி நடக்கும் என்று காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிமிஷம் அவன் கழுத்துச் சிலுவையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. "சார், இது என்னால் முடியாது" என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஆர்ட்டிகிள்ஸ் கசந்துபோகும், நல்ல க்ளையன்ட் வேலை கிடைக்காது. இங்கே அவன் பேதுருவின் முற்றத்தில் நிற்கிறான், குளிர் காய்ந்துகொண்டு. முகாமில் அவனுக்கு இதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஸ்டிக்கர்தான் கொடுத்தார்கள்.

இரண்டாவது கேள்வி, விலையை யார் கொடுப்பது. அப்போஸ்தலர் நான்காம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. பேதுருவையும் யோவானையும் அதிகாரிகள் மிரட்டி அனுப்புகிறார்கள். சபை கூடி ஜெபிக்கிறது, இடம் அசைகிறது, எல்லோரும் தைரியமாகப் பேசுகிறார்கள். இது 31-ம் வசனம். தைரியத்தைப் பற்றிய எல்லாப் பிரசங்கமும் இங்கே வந்து நின்றுவிடும். இன்னும் மூன்று வசனம் தள்ளி 34-க்குப் போனால், அவர்களில் ஒருவனுக்கும் குறைச்சல் இருக்கவில்லை, நிலமும் வீடும் உள்ளவர்கள் விற்றுக் கொண்டுவந்தார்கள் என்று இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில்தான் அச்சாகியிருக்கிறது. 34-க்கு வருவதற்குள் கீபோர்டு ஆரம்பித்துவிடுகிறது, என்ன செய்ய!

வேலை போனால் சாப்பாட்டுக்கு வழி உண்டு, அப்பா சிறைக்குப் போனால் பிள்ளைகளை யாரோ பார்ப்பார்கள் என்று தெரிந்தவனுக்குத்தான் பயம் குறையும். 251 வாக்கில் ரோம் நகர ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தச் சபை 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. டேசியஸின் சான்றிதழை மறுக்கச் சொன்ன சபைகள் மறுத்தவன் வீட்டு அடுப்பையும் எரியவைத்தன. பேதுருவின் பயம் போன கதையையும் கவனித்துப் படிக்க வேண்டும். யோவான் 21-ல் கடற்கரையில் கரி நெருப்பு, மேலே மீன், அப்பம். வாருங்கள் சாப்பிடுங்கள் என்கிறார் இயேசு. மூன்று கேள்வியும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வருகிறது.

தமிழ்நாட்டுச் சபைகளுக்கு வசதி இல்லையா? பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி, நகரத்து நடுவில் நிலம், வாடகை வருகிற கட்டடங்கள். சிறுபான்மைக் கல்வி நிறுவனம் என்ற உரிமையில் பாதி சீட்டைச் சொந்த மாணவர்களுக்கு வைத்துக்கொள்ள முடிகிற கல்லூரிகள். "நீ உன் பெயரை வெளியே சொல். சான்றிதழ் போனால் உன் சீட் எங்கள் பொறுப்பு, ஃபீஸ் எங்கள் பொறுப்பு, உன் தங்கைக்கும் சேர்த்து. கோயிலில் முன்வரிசை, கல்லறையில் பக்கத்து இடம், சம்பந்தம் பேச வந்தால் எங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கும்" என்று ஒரு பங்கு, ஒரு டயோசிஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அப்புறம் கேட்கட்டும், எத்தனை தரம் மறுதலித்தாய் என்று. சில இடங்களில் சில நல்ல பாதிரியார்கள் தங்கள் சம்பளத்திலேயே ஃபீஸ் கட்டுகிறார்கள், அது உண்மை. அவர்கள் பொதுவாக முகாமில் கத்துவதில்லை.

உச்ச நீதிமன்றத்தில் 1985-ல் முடிந்த பழைய வழக்கு ஒன்று உண்டு. சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர். பிறப்பால் ஆதி திராவிடர், கிறிஸ்தவராக மாறியவர். செருப்புத் தைப்பவர்களுக்கு இலவசமாக பங்க் கடை தருகிற அரசுத் திட்டம் ஒன்று வந்தது. பக்கத்தில் அதே தொழில் செய்தவர்களுக்குக் கிடைத்தது, கிறிஸ்தவர் என்பதால் இவருக்கு இல்லை. அவர் மதத்தை மறைக்கவில்லை. மாற்றிச் சொல்லவும் இல்லை. கிறிஸ்தவன் என்று எழுதியே நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவும் ஒடுக்குதலும் தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் காட்டவில்லை என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. ஒரு பங்க் கடை, தகரமோ மரமோ, நாலு பேர் தூக்கி வைக்கிற சைஸ். சென்னையில் எந்தச் சாலையோரத்தில் நின்றாலும் அரை மணி நேர நடையில் ஒரு கோயிலாவது வரும்.